பெயரா, ஊரா, கைவேலையா? வேலை கேட்கப் போகும்போது எதை முதலில் சொல்வது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். தாளின் ஒரு பக்கத்தில் மூன்று இடங்கள் எழுதியிருந்தன: சேலம் கோரிமேட்டு வேலைவாய்ப்பு மையத்தில் நடக்கவிருந்த தனியார் துறை முகாம், கருப்பூர்ப் பக்கம் ஒரு பட்டறை, பெங்களூர் நிறுவனம் ஒன்றின் வீடியோ நேர்காணல். மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிய 'செல்ஃப் இன்ட்ரோ'. நாலைந்து யூடியூப் வீடியோ பார்த்து ஒட்டுப்போட்டதாம்.

"மூணு இடத்துக்கும் இதையே சொல்லிடலாமுங்களா மாமா?"

சொல்லிக்காட்டச் சொன்னேன். செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தால் 2 நிமிடம் 20 வினாடி ஓடியது. கேட்டு முடித்தபோது என் மனதில் நின்றது அவளுக்குச் செஸ் விளையாடப் பிடிக்கும் என்பது மட்டும்தான். அதுவும் எனக்குப் புதுச் செய்தி.

நான் மனிதவளம் படித்தவன் இல்லை. சேலத்தில் வால்வு உதிரி பாகம் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். 40 பேர் வேலை செய்கிற இடத்தில் கணக்குப் பார்ப்பவர்தான் ஆள் எடுக்கும் நாளில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியிலும் உட்கார வேண்டும். 11 ஆண்டாக உட்கார்ந்து கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எதிரில் இருப்பவர் மனதில் ஏதோ ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்வி இடத்துக்கு இடம் மாறும். எந்த முறையில் அறிமுகம் செய்துகொள்வது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

மனப்பாட முறை

பெயர், அப்பா பெயர், அப்பா செய்யும் வேலை, சொந்த ஊர், பள்ளி, கல்லூரி, சதவீதம், பொழுதுபோக்கு, பலம், பலவீனம். பத்தில் ஏழு பிள்ளைகள் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். எழுதிவைத்துப் படிக்கலாம், என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும், பயம் குறையும். அந்த வசதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சங்கிலி மாதிரி கோத்துவைத்தது ஒரு கண்ணி விட்டால் மொத்தமும் போய்விடும். 2004-இல் ஓசூரில் ஒரு நிறுவனத்துக்கு நேர்காணல் போனேன். இரவெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போன ஆங்கில அறிமுகம். 'மை ஃபாதர் இஸ்' என்ற இடத்தில் ஒருவர் கதவைத் திறந்து டீ கொண்டுவந்தார். அவ்வளவுதான். அப்பா என்ன செய்கிறார் என்பது எனக்கே மறந்துவிட்டது. மறுபடி 'மை நேம் இஸ்' என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூவரில் ஒருவர் சிரித்தார், ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். மூன்றாமவர் "டீ குடிங்க தம்பி" என்றார். அந்த டீதான் எனக்குக் கிடைத்தது.

இன்னொரு குறை, சொல்வதில் பாதி எதிரிலிருப்பவர் கையிலுள்ள பயோடேட்டாவிலேயே இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வாயாலும் சொன்னால் அவர் காதை மூடிக்கொள்கிறார்.

சரி, அப்படியானால் இந்த முறையையே தூக்கிப்போட வேண்டியதுதானா? நம் ஊர்ப் பட்டறைகளைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியூர் ஆலோசகர்கள் 'ஊரைச் சொல்லாதே, அப்பா பெயரைச் சொல்லாதே' என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். இங்கே ஊர் ஒரு பதில். ஓமலூரிலிருந்து வருகிற ஆள் கருப்பூருக்கு வருவதும் ஆத்தூரிலிருந்து வருகிற ஆள் கருப்பூருக்கு வருவதும் ஒன்றா? இரண்டாவது ஷிஃப்ட் முடிந்தால் பஸ் உண்டா, மழைக்காலத்தில் லீவு போடுவாரா, ஆறு மாதத்தில் பக்கத்து ஊரில் வேலை கிடைத்தது என்று நின்றுவிடுவாரா? முதலாளி மனதில் ஓடுவது இவைதான். 'வீடு ஓமலூர், சொந்த வண்டி இருக்கு, ரெண்டு ஷிஃப்டும் வருவேன்' என்ற ஒரு வரி அவர் கேட்க நினைத்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. மனப்பாட முறையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது அந்த ஒரு வரியை மட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. 'எந்த ஊர்' என்ற கேள்விக்குப் பின்னால் சில இடங்களில் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று இன்னொன்று வரும். கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரியாதா என்ன. பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீங்களாக அதற்கு மேல் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கைவேலை முறை

இதுதான் என் முதல் தேர்வு. பெயர், படிப்பு இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கைக்குத் தெரிந்த வேலை, அதற்கு ஓர் அத்தாட்சி, இங்கே எந்த வேலைக்கு வந்தேன் என்று நிறுத்துவது. 30 வினாடி போதும். நான் போனில் ஓடவிட்டுப் பார்த்ததில், அவசரப்படாமல் பேசினால் தமிழில் அரை நிமிடத்துக்கு 45, 50 சொல் வருகிறது. அக்கா மகளோடு உட்கார்ந்து எழுதியது இப்படி வந்தது:

"வணக்கம் சார். என் பெயர் இன்னது, மெக்கானிக்கல் டிப்ளமோ. வெர்னியர், மைக்ரோமீட்டர் ரெண்டுலயும் அளக்கத் தெரியும், டிராயிங் பார்த்து டாலரன்ஸ் சொல்வேன். ஒரு மாசம் இன்பிளான்ட் ட்ரெய்னிங்ல தினமும் 60, 70 பீஸ் செக் பண்ணி ரிப்போர்ட் எழுதினேன். குவாலிட்டி வேலைக்கு வந்திருக்கேன். வீடு ஓமலூர், ரெண்டு ஷிஃப்டும் வரமுடியும்."

வெர்னியரும் மைக்ரோமீட்டரும் நுணுக்கமாக அளக்கும் கருவிகள். டாலரன்ஸ் என்பது ஓர் அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு. இதில் 'கடின உழைப்பாளி' இல்லை, 'குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்' இல்லை. அந்த வார்த்தைகளை யாரும் சரிபார்க்க முடியாது. அதனால் யாரும் நம்புவதும் இல்லை. 60, 70 பீஸ் என்றால் அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும்: 'எந்த பார்ட்? ரிஜெக்ஷன் எவ்வளவு வந்தது?' அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கிறது. அதாவது நேர்காணல் அவளுக்குத் தெரிந்த தெருவுக்குள் நுழைந்துவிட்டது. தைரியம் என்று ஊரில் சொல்கிறார்களே, அதில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது.

ஆபத்தும் உண்டு. பட்டறைக்காரர்கள் பேச்சை நம்புகிறவர்கள் இல்லை. மைக்ரோமீட்டர் தெரியும் என்று சொன்ன அடுத்த நொடி மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து, கூடவே ஒரு பின்னையும் நீட்டுவார்கள். அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டரில் 0.01 என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது வேறு, ராட்செட்டைத் திருகி அளவைப் படித்துச் சொல்வது வேறு. ஆட்டோகேட் எக்ஸ்பர்ட் என்று வந்த ஒரு பையனிடம் எங்கள் முதலாளி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பையனைக் காணோம். அதனால் 'தெரியும்', 'செய்து பார்த்திருக்கிறேன்', 'பார்த்திருக்கிறேன்' மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். 'சிஎன்சி (கம்ப்யூட்டரால் இயங்கும் மெஷின்) ஓட்டியதில்லை, பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்' என்று சொன்ன ஆளை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

சம்பவ முறை

ஒரு சின்ன நிகழ்ச்சியைச் சொல்லி அதன் வழியாகத் தன்னைக் காட்டுவது. சரியாக வந்தால் இதற்கு இணை கிடையாது. சரியாக வருவதுதான் அபூர்வம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டோர்ஸ் வேலைக்கு ஒரு பையன் வந்தான். பி.காம். வழக்கமான மனப்பாட அறிமுகம்: குவிக் லேர்னர், பாசிட்டிவ் ஆட்டிட்யூட், எல்லாம். முதலாளி பேனாவை மூடிவிட்டார். நான் சும்மா இருக்கட்டும் என்று "லீவுல என்னப்பா பண்ணுவ?" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டில் கொலுசுப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெள்ளி எடுத்துவந்து கூலிக்குச் செய்து கொடுக்கிறார்கள். காலையில் வெள்ளியை நிறுத்து ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், சாயங்காலம் கொலுசையும் தூளையும் துண்டுக் கம்பியையும் திரும்ப நிறுத்து, சேதாரம் எவ்வளவு என்று நோட்டில் ஏற்றுவதும் ப்ளஸ் டூ படித்த காலத்திலிருந்து இவன் பொறுப்பு. ஒருநாள் கணக்கில் 8 கிராம் இடித்தது. மூன்று நாள் நோட்டைப் புரட்டி, தராசுக் கற்களை வேறு கடையில் சரிபார்த்து, கடைசியில் ஒரு கல் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறான்.

முதலாளி பேனாவைத் திறந்தார். ஸ்டோர்ஸ் வேலை என்றால் இதுதானே? கொடுத்தது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு, இடிப்பது ஏன். அந்தப் பையன் அதை மறைத்துவைத்திருந்தான். குடும்பத் தொழிலைச் சொன்னால் மட்டமாக நினைப்பார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தறி, கொலுசு, ஜவ்வரிசி மில், மளிகைக்கடை, லாரி செட் என்று ஏதோ ஒரு தொழில் இல்லாத வீடு சேலத்தில் எத்தனை? அதில் நின்று கற்றதெல்லாம் அனுபவக் கணக்கில் சேரும்.

இருந்தாலும் சம்பவத்தை முதலிலேயே எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். நேரம் பிடிக்கும். முகாமில் பின்னால் 30 பேர் நிற்கும்போது கதை ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்களே முறைப்பார்கள். கைவேலை முறையில் ஆரம்பித்து, அவர்கள் ஒரு கேள்வி கேட்டதும் பையிலிருந்து எடுக்கிற மாதிரி எடுக்க வேண்டும். கேட்காவிட்டால் பையிலேயே இருக்கட்டும்.

எழுதி அனுப்புவது

வாட்ஸ்அப் வந்த பிறகு பல பட்டறைகளுக்கு அறிமுகம் அதில்தான் தொடங்குகிறது. அதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்வேன். செய்தியைத் திறப்பதற்கு முன் பட்டியலில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும். 'குட் மார்னிங் சார், ஹோப் யூ ஆர் டூயிங் வெல்' என்று ஆரம்பித்தால் அந்த இடம் முழுக்க அதுவே தின்றுவிடும். அதே நாளில் பத்துப் பேர் பூப்படத்தோடு குட் மார்னிங் அனுப்பியிருப்பார்கள். 'குவாலிட்டி வேலைக்கு, டிப்ளமோ மெக்கானிக்கல், ஓமலூர். வணக்கம் சார்' என்று வணக்கத்தை இரண்டாவதாக வைத்தால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. லிங்க்ட்இன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 'வேலை தேடுகிறேன்' என்பதைவிட என்ன வேலை தெரியும் என்பது முதலில் வரட்டும்.

குரல் பதிவு அனுப்பலாமா என்று அக்கா மகள் கேட்டாள். மெஷின் ஓடுகிற இடத்தில் யார் காதில் வைத்துக் கேட்பார்கள்? வேண்டாம் என்றேன்.

தமிழா, இங்கிலீஷா

முதலாளி எதிரில் என்றால் அவர் எந்த மொழியில் 'உட்காருங்க' என்று சொல்கிறாரோ அந்த மொழி. அவர் தமிழில் கேட்டபோது ஆங்கிலத்தில் ஆரம்பிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாக்கியத்தில் மூச்சு வாங்கும். பெங்களூர் வீடியோ நேர்காணலுக்கு ஆங்கிலம்தான், வேறு வழியில்லை. ஆனால் எட்டு வாக்கியத்தில் நான்கை வெட்டிவிட்டு மீதி நான்கைத் திருத்தமாகச் சொல்லச் சொன்னேன். சின்ன வாக்கியம், இலக்கணம் தப்பாத வாக்கியம். பெரிய சொல் எதற்கு?

வீடியோவில் இன்னொரு வேடிக்கை. விண்ணப்பத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று இருந்ததால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் திரையில் வந்தவர் என் மச்சான் பெயரைச் சொல்லி 'ஹலோ' என்றாராம். நம்மைப் போல இனிஷியல் வைக்கிறவர்கள் அந்த மாதிரி இடங்களில் பெயரைச் சொல்லும்போதே எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. இணைப்பு ஒட்டுவதற்குள் முதல் ஐந்து வினாடி 'கேக்குதா, கேக்குதா' என்று போய்விடும். அது முடிந்த பிறகுதான் பெயரைச் சொல்ல வேண்டும்.

மலை மேல் வேறு கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் கீழே, பட்டறைக்கும் ஆபீசுக்கும். ஏற்காட்டில் விடுதி வேலை என்றால் என் கைவேலை முறையே கொஞ்சம் பின்வாங்க வேண்டும். நண்பர் மகன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஒரு விடுதிக்குப் போனேன். வரவேற்பு மேசை வேலை. 20 கொண்டை ஊசி வளைவிலும் மனப்பாடம் செய்துகொண்டே வந்தான். மேலாளர் அவனை அறிமுகமே செய்யவிடவில்லை. மேசை போனைக் காட்டி, "நான்தான் கெஸ்ட். பெங்களூர்ல இருந்து ஃபேமிலியோட வந்துட்டிருக்கேன், பாதி மலையில குழந்தை வாந்தி எடுத்துடுச்சு, ரூம் ரெடியா? எடுத்துப் பேசுங்க" என்றார்.

அங்கே நீங்கள் பேசும் விதமே வேலையின் மாதிரி. குரலில் அவசரமில்லாமை, எதிரிலிருப்பவர் மொழிக்கு உடனே மாறுவது, சிரித்த முகம். இவை இருந்தால் சான்றிதழை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கன்னடத்தில் நாலு வாக்கியம் தெரிந்தாலும் அதை முதலிலேயே காட்டிவிடலாம். மேலே தங்குவீர்களா, தினமும் இறங்கி ஏறுவீர்களா என்பதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். சேலத்துக்கு 30 கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் மே மாதக் கோடை விழா நேரத்தில் அந்த ரோட்டில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கோ மறுபடியும் கைவேலை முறைதான்: எத்தனை ஆளுக்குப் பேர் போட்டீர்கள், பழம் பறிக்கும் நாளில் எத்தனை மூட்டை நிறுத்தீர்கள்.

சொல்லும் விதம்

எந்த முறையாக இருந்தாலும் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். முதல் இடம் பெயர். பாதிப் பேர் தங்கள் பெயரையே விழுங்கிவிடுகிறார்கள். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். இரண்டாவது இடம் முடிவு. 'அவ்ளோதான் சார்', 'தட்ஸ் ஆல் அபவுட் மீ' என்று குரல் தேய்ந்து இறங்கும். எந்த வேலைக்கு வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் அமைதியைத் தாங்க முடியாமல்தான் நிறையப் பேர் செஸ்ஸுக்கும் கேரம்போர்டுக்கும் போகிறார்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடம், நடுவில் இருப்பது குறிப்பாக மட்டும் தெரிந்தால் போதும். டீ கொண்டுவந்து யார் கதவைத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து பிடிக்கலாம்.

இடையில் ஒன்றிரண்டு வருடம் விட்டுப்போனவர்கள் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட வேண்டும். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன், இப்போ சரியாகிவிட்டது.' மன்னிப்புக் கேட்கிற தொனி எதற்கு?

அக்கா மகளுக்கு நான் சொன்ன ஏற்பாடு: கோரிமேட்டுக்குக் கைவேலை முறை, 20 வினாடியாக வெட்டி, எந்த ஊருக்கும் போகத் தயாரா என்பதைச் சேர்த்து. அங்கே மேசை மேசையாக நகர வேண்டியிருக்கும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது தன்னிடமுள்ள இடத்துக்கு இவள் பொருந்துவாளா என்பது மட்டும். பட்டறைக்கு அதே கைவேலை முறை, ஊர் வரியோடு. பெங்களூருக்கு ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம், கேட்டால் மட்டும் ட்ரெய்னிங்கில் நடந்த ஒரு சம்பவம்.

முகாமில் மூன்று மேசையில் பேசினாளாம், இரண்டில் பயோடேட்டாவை வாங்கிவைத்துக்கொண்டார்கள். பட்டறையில் நான் சொன்ன மாதிரியே மைக்ரோமீட்டரை நீட்டியிருக்கிறார் முதலாளி. அளந்து சொல்லியிருக்கிறாள். அப்புறம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ராத்திரி பத்தரைக்கு எப்படிம்மா போவ?" வண்டிச் சாவியைக் காட்டினாளாம். ஒண்ணாம் தேதி வரச் சொல்லிவிட்டார். நேற்று பெங்களூரிலிருந்தும் மெயில் வந்திருக்கிறது, இரண்டாம் சுற்றுக்கு. இரண்டில் எது என்று ஒப்பிட இன்னொரு தாளோடு இந்த ஞாயிறும் வருகிறாளாம்.